விலைக்குக் கிடைக்காத பெயர்

நமது ஊராகிய எழுமலை, உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்கு மலைத் தொடரின் நிழலில் இருக்கிறது. "வானம் பார்த்த பூமி" என்று சொல்வார்களே, அந்தச் சொல்லின் பொருளை நன்றாய் அறிந்தவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். மழை வருமா என்று பகலெல்லாம் வானத்தைப் பார்ப்பார்கள். கோடைக் காலத்தில் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு இரவிலும் பார்ப்பார்கள். பகலில் பார்த்ததற்குப் பலன் எப்போதாவதுதான் கிடைக்கும். இரவில் பார்ப்பதற்கோ ஒரு குறைவும் இல்லை. பட்டணத்து விளக்குகளின் தொந்தரவு அதிகம் எட்டாத ஊராதலால், வானம் நிறைய நட்சத்திரங்கள் தெரியும்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நமது தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மிடம் தயங்கித் தயங்கி வந்து நின்றான். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரம். தங்க நிற முத்திரை, இங்கிலீஷ் எழுத்து, கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. முந்தின வருஷம் காலமான அவனுடைய தாயாரின் பெயரும் நடுவில் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அவன் தகப்பனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர். கைபேசியில் ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்து, இரண்டாயிரம் ரூபாய் கட்டி, ஒரு நட்சத்திரத்துக்குத் தம் மனைவியின் பெயரை வைத்திருக்கிறார்!

"ஸார், இதிலே எங்க அம்மா நட்சத்திரம் எங்கே இருக்குதுன்னு நம்பர் போட்டிருக்கு. ராத்திரி எந்தப் பக்கம் பார்க்கணும்?" என்று பையன் கேட்டான்.

உபாத்தியாயர் தொழிலில், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. தெரிந்ததைச் சொல்வதுதான் சில சமயங்களில் பெரிய கஷ்டமாகிவிடுகிறது. "நாளைக்கு வா, தம்பி, நிதானமாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்று அவனை அனுப்பிவிட்டோம். ஆனால் அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மை இதுதான். நட்சத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. வானத்துப் பொருள்களின் பெயர்களை உலக முழுமைக்கும் ஒப்புக்கொள்ளும்படி நிச்சயிப்பது சர்வதேச வானசாஸ்திர சங்கம் ஒன்றே. அந்தச் சங்கம் பெயர்களை விற்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு கம்பெனிகள் அனுப்பும் பத்திரத்தை உலகத்திலுள்ள எந்த வான சாஸ்திரியும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருக்கும் பெயர் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் தாண்டி வெளியே வருவதேயில்லை.

ஆனால் மனிதர்களின் பெயர்களைத் தாங்கிய பொருள்கள் ஆகாயத்தில் உண்மையிலேயே இருக்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரும்பாலும் திரிகிற சிறு கிரகங்களே அவை. இக்காலத்துப் பாடப் புத்தகங்களில் அவற்றைச் "சிறுகோள்கள்" என்கிறார்கள். அவற்றில் நமது ராமானுஜன் இருக்கிறார், நமது சதுரங்க வீரர் ஆனந்த் இருக்கிறார். அவர்கள் எப்படி அங்கே போனார்கள்? அந்தப் பையனுக்கு அடுத்த சில நாட்களில் நாம் சொன்ன கதையை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

ராஜாவின் பெயர் நிற்கவில்லை

1801-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி இரவு. இத்தாலி தேசத்தின் தெற்கே ஸிஸிலித் தீவில், பலெர்மோ நகரத்து வானாராய்ச்சி நிலையத்தில் பியாஸி என்ற பாதிரியார் நட்சத்திரக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளி மட்டும் இரவுக்கு இரவு இடம் மாறியது. நட்சத்திரமானால் அப்படி நகரக் கூடாதே! அதுதான் மனிதர் கண்ட முதல் சிறு கிரகம்.

பியாஸி அதற்கு ஸிஸிலியின் காவல் தெய்வமும் தானியத்துக்கு அதிதேவதையுமான ஸீரிஸ் என்பவளின் பெயரை வைத்தார். அதோடு விட்டாரா? தமக்குச் சம்பளம் கொடுக்கும் அரசர் பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து "ஸீரிஸ் பெர்டினாண்டியா" என்று நீட்டினார். மற்ற தேசத்து வான சாஸ்திரிகள் பாதிப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதியை மெதுவாக உதிர்த்துவிட்டார்கள். இன்று ஸீரிஸ் இருக்கிறாள். அரசரின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு வழக்கும் நடந்தது. 1850-இல் லண்டனில் ஹைண்ட் என்பவர் 12-ஆவது சிறு கிரகத்தைக் கண்டு, "விக்டோரியா" என்று பெயர் வைத்தார். அப்போது இங்கிலாந்தின் சிங்காதனத்தில் இருந்தவர் விக்டோரியா ராணி. அமெரிக்க வான சாஸ்திரிகளுக்கு இது பிடிக்கவில்லை. உயிரோடிருக்கும் அரசர்களுக்கு ஆகாயத்தில் இடம் கொடுப்பதா என்று ஆட்சேபித்தார்கள். அமெரிக்காவில் வான சாஸ்திரப் பத்திரிகை நடத்திய கூல்ட் என்பவர், "க்ளியோ" என்ற வேறு பெயரையே தம் பத்திரிகையில் உபயோகித்து வந்தார். கடைசியில், ரோமாபுரிப் புராணத்தில் விக்டோரியா என்று ஒரு வெற்றி தேவதையும் இருக்கிறாள் என்று எடுத்துக் காட்டப்பட்டது. அந்தத் தேவதையின் தயவினால் பெயர் தப்பிப் பிழைத்தது; ராணியின் அதிகாரத்தால் அல்ல.

ஆரம்பத்தில் தேவதைகளின் பெயர்களைத்தான் வைத்து வந்தார்கள். பெண் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். 1858-இல் அலெக்ஸாண்டர் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியைக் கௌரவிக்க விரும்பியபோது, அவர் பெயரைப் பெண் பெயராக்கி "அலெக்ஸாண்ட்ரா" என்று வைத்தார்கள்! சிறு கிரகங்கள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் பெருகியபோது தேவதைகளின் ஜாபிதா போதவில்லை. பிறகுதான் விஞ்ஞானிகளுக்கும் கவிகளுக்கும் சங்கீத வித்வான்களுக்கும் கதவு திறந்தது.

நுங்கம்பாக்கத்துக் கருங்கல்லும் "ஆசியா"வும்

இந்தக் கதை நமது சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி என்று பார்ப்போம்.

நுங்கம்பாக்கத்தில், வானிலை இலாகாவின் வளாகத்தில், ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வானாராய்ச்சி நிலையம் கட்டியபோது, கருவிகளைத் தாங்குவதற்காக நிறுத்திய தூண் அது. லத்தீனில் மட்டுமல்லாமல் தமிழ், தெலுங்கு, ஹிந்துஸ்தானி எழுத்துக்களிலும் அதன் மேல் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். ஆசியாக் கண்டத்தில் கணித சாஸ்திரங்களை முதன் முதலில் ஊன்றியது பிரிட்டிஷாரின் தாராள சிந்தையே என்றும், ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்றும் அந்தச் சாசனம் சொல்கிறது. ஆரியபட்டரும் பாஸ்கராசாரியரும் பிறந்த தேசத்தில் இப்படி ஒரு வாசகத்தைக் கல்லில் வெட்டி வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தமிழிலேயே வெட்டி வைத்திருக்கிறார்களே, நாமே படித்து நாமே மெச்ச வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

ஆனால் அதே இடத்தில் வேலை செய்த ஓர் ஆங்கிலேயர் வேறு விதமான சாசனம் ஒன்றை எழுதினார். அவர் நார்மன் போக்ஸன். 1861-இன் ஆரம்பத்தில் சென்னைக்கு வந்து பொறுப்பேற்றவர், ஏப்ரல் 17-ஆம் தேதியே ஒரு புதிய சிறு கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வரிசையில் அது 67-ஆவது. ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறு கிரகம் அதுவே. அதற்கு அவர் வைத்த பெயர் "ஆசியா". கிரேக்கப் புராணத்தில் அப்பெயருடைய ஒரு தேவதையும் உண்டு. எனவே வழக்கத்துக்கும் பங்கமில்லை. கல்லில் வெட்டியவர்கள் தங்கள் தாராள சிந்தையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். போக்ஸனோ தாம் நின்று பார்த்த மண்ணின் பெயரை எழுதினார்.

சென்னையிலிருந்து அவர் பிறகும் பல சிறு கிரகங்களைக் கண்டார். 1864-இல் ஸாப்போ, 1866-இல் ஸில்வியா, 1868-இல் கமிலா, 1885-இல் வேரா. அவற்றில் ஸில்வியாவைப் பற்றி ஒரு விசேஷம் உண்டு. அதை இரண்டு சிறு நிலாக்கள் சுற்றி வருகின்றன என்று 2001-லும் 2004-லும் கண்டார்கள். ஒரு சிறு கிரகத்துக்கு இரண்டு நிலாக்கள் இருப்பதாகத் தெரிய வந்தது அதுவே முதல் தடவை. ரோமாபுரியை ஸ்தாபித்த ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைச் சகோதரர்களைப் பெற்ற தாயின் பெயர் ஸில்வியா. ஆகவே நிலாக்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்களையே வைத்துவிட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் பெயர் பெற்ற தாய்க்கு நூற்று முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்!

பெயர் பெற்ற மகளும் பெயர் பெறாத உதவியாளரும்

போக்ஸன் சென்னைக்கு வருவதற்கு முன்பு, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வேலை பார்த்தபோதும் சிறு கிரகங்களைக் கண்டிருக்கிறார். அவற்றில் 1856-இல் கண்ட 42-ஆவது கிரகத்துக்கு, அந்த நிலையத்தின் தலைவர் "ஐஸிஸ்" என்று பெயர் வைத்தார். ஐஸிஸ் எகிப்து தேசத்துத் தேவதை. ஆக்ஸ்போர்டு நகரத்தில் தேம்ஸ் நதிக்கும் அந்தப் பெயரே. போக்ஸனின் மூன்று வயது மகளின் பெயரும் ஐஸிஸ்தான்.

அந்தப் பெண் வளர்ந்து, 1873 முதல் சென்னை வானாராய்ச்சி நிலையத்திலேயே கணக்கிடும் வேலை பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் அங்கே உழைத்தாள். 1886-இல் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அவளை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளும்படி தகப்பனார் பிரேரேபித்தார். சங்கத்தின் சட்டத்தில் அங்கத்தினரைக் குறிக்கும் இடமெல்லாம் "அவன்" என்று இருக்கிறதே தவிர "அவள்" என்று இல்லை என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள்! 1920-இல்தான் அந்த அம்மையாருக்கு அந்தப் பதவி கிடைத்தது. மூன்று வயதில் ஆகாயத்தில் இடம் கிடைத்துவிட்டது. லண்டன் சங்கத்தின் பட்டியலில் இடம் கிடைக்க அறுபது வயது தாண்ட வேண்டியதாயிற்று.

இதே நிலையத்தில் வேலை பார்த்த இன்னொருவரைப் பற்றி நம் தேசத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை நிலையத்தில் பல வருஷம் உழைத்து முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் "வலை" என்று பொருள்படும் பெயருடைய தென்திசை நட்சத்திர மண்டலம் ஒன்றில், பிரகாசம் கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தை அவர் கண்டுபிடித்தார். நவீன முறையில் இந்தியர் ஒருவர் செய்த முதல் வானக் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்வார்கள். நமது ஊரிலிருந்து பார்த்தால் அந்த மண்டலம் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே தாழ்வாக எழுந்து மறையும். 1872-இல் ராயல் வானசாஸ்திர சங்கம் ரகுநாதாச்சாரியாரை அங்கத்தினராக்கியது. 1874-இல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போன அபூர்வக் காட்சியைப் பற்றி, இங்கிலீஷில் மட்டுமின்றி இந்திய பாஷைகளிலும் ஜனங்களுக்கு விளங்கும்படி பிரசுரம் வெளியிட்டார். பழைய கணிதத்தையே நம்பிப் பஞ்சாங்கம் எழுதாமல், கண்ணால் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும் என்று வாதாடினார். 1880-இல் காலமானார்.

அவர் கண்ட நட்சத்திரத்துக்கு என்ன பெயர்? வான சாஸ்திரத்தில், பிரகாசம் மாறும் நட்சத்திரங்களுக்குக் கண்டவருடைய பெயரை வைப்பதில்லை. ஒரு மண்டலத்தில் முதலில் கண்டதற்கு "ஆர்" என்ற எழுத்து, அவ்வளவுதான். ஆகவே அந்த நட்சத்திரம் "ஆர்" என்ற ஒற்றை எழுத்தோடு நிற்கிறது. போக்ஸன் கண்டது சிறு கிரகம் ஆனதால் பெயர் வைத்தார். அவருடைய உதவியாளர் கண்டது நட்சத்திரமாகப் போயிற்று. இதில் யாரும் அநியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது, வழக்கம் அப்படி. ஆனாலும் அந்த "ஆர்" என்ற எழுத்தைப் பார்க்கும்போது, ரகுநாதாச்சாரி என்ற பெயரை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

"இந்த ஐயர் பெயர் எங்க புஸ்தகத்திலே இல்லையே, ஸார்?" என்று பையன் கேட்டான். அவர் ஐயங்கார் என்று திருத்தினோம். கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை.

பெயர் வைக்கும் முறை

இப்போது ஒரு சிறு கிரகத்துக்கு எப்படிப் பெயர் கிடைக்கிறது என்று பார்ப்போம். நமது பக்கத்தில் குழந்தை பிறந்தால் காது குத்திப் பெயர் வைப்பதற்கு முன் எத்தனை சடங்குகள்! அங்கேயும் அப்படியே.

முதலில் கண்டவுடன் ஒரு தற்காலிகக் குறி கொடுப்பார்கள். வருஷத்தை இருபத்துநாலு அரை மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்து. ஜனவரி முன் பாதிக்கு "ஏ", பின் பாதிக்கு "பி", பிப்ரவரி முன் பாதிக்கு "ஸி", பின் பாதிக்கு "டி" என்று போகும். அந்த அரை மாதத்தில் எத்தனையாவதாகக் கண்டது என்பதை இரண்டாவது எழுத்தும், அதன் பக்கத்திலுள்ள எண்ணும் காட்டும். உதாரணமாக, ராமானுஜன் பெயரைத் தாங்கிய கிரகத்தின் முதல் குறி "1988 டி-க்யூ 1" என்பது. 1988 பிப்ரவரி பின் பாதியில் உலகத்தார் குறித்த சிறு கிரகங்களில் நாற்பத்தொன்றாவது என்று அதற்கு அர்த்தம்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு தடவை கண்டால் போதாது. அது சூரியனைச் சுற்றும் பாதை சந்தேகமில்லாமல் நிச்சயமாக வேண்டும். அதற்குப் பல வருஷங்களில், பல தடவை, அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ட பொருள் காணாமலே போய்விடும். பியாஸியின் ஸீரிஸ்கூட இப்படித் தொலைந்துதான் போயிற்று. காஸ் என்ற இருபத்துநாலு வயதுக் கணித மேதை பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன பிறகே, அந்த வருஷக் கடைசியில் மறுபடி அகப்பட்டது. பாதை நிச்சயமான பின் நிலையான எண் கொடுப்பார்கள். இன்று எண் பெற்றவை ஏழு லட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவையோ சுமார் 25,000-தான்.

எண் கிடைத்த பிறகு, பெயரைப் பிரேரேபிக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் உண்டு. அவர் சொன்ன பெயரைச் சர்வதேச வானசாஸ்திர சங்கத்தின் குழு ஒன்று பரிசீலித்து முடிவு செய்யும். அதற்கு விதிகள் இருக்கின்றன. பெயர், இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால், பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கூடியவரையில் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். வாயால் உச்சரிக்கக் கூடியதாகவும், யார் மனதையும் புண்படுத்தாததாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரைப் போலவே இருந்து குழப்பக் கூடாது. வியாபாரச் சரக்குக்கு விளம்பரமாகக் கூடாது. அரசியலாலும் யுத்தத்தாலும் பிரசித்தி பெற்றவர்கள், பொதுவாக, இறந்து நூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோது நமக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் தெருவின் பெயரை மாற்றுகிற தொந்தரவு ஆகாயத்தில் இல்லை!

தம் சொந்தப் பெயரைத் தாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. ஆனால் மனைவியின் பெயரையும் குழந்தைகளின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் வைத்தவர்கள் பலர் உண்டு. இதைச் சொன்னபோது பையன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அப்போது அதை நாம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

காவலூரிலிருந்து ஒரு ராமானுஜன்

1899-இல் சென்னை நிலையத்தின் வான ஆராய்ச்சி வேலை கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டது. நமது ஊரிலிருந்து வடமேற்கே தெரியும் மலைக் கூட்டத்தில்தான் அந்த நிலையம் இருக்கிறது. அங்கே முக்கியமான வேலை சூரியனைப் பார்ப்பது. இரவு வானத்தைப் பார்ப்பதற்கு நல்ல இடம் ஒன்று வேண்டியிருந்தது. 1960-இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைவராக வந்த வைணு பாப்பு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே முதல் தொலைநோக்கி வேலை செய்ய ஆரம்பித்தது. பெரிய தொலைநோக்கி ஒன்றை நமது தேசத்திலேயே செய்ய வேண்டும் என்பது பாப்புவின் கனவு. 1982-இல் அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது, நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவருடைய பெயரையே வைத்தார்கள். தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில் 1979-இல் கண்ட 2596-ஆவது சிறு கிரகமும் வைணு பாப்பு என்றே பெயர் பெற்றிருக்கிறது.

காவலூரில் சிறு கிரகங்களைத் தேடும் திட்டம் ஒன்றை ராஜமோகன் என்ற விஞ்ஞானி நடத்தினார். அதற்குக் "கல்கி" என்று பெயர். விண்ணைப் படம் பிடித்து, மறுபடி படம் பிடித்து, நட்சத்திரங்கள் அப்படியே நிற்க, எந்தப் புள்ளி நகர்ந்தது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி கண்ட ஒரு புள்ளி, பாதை நிச்சயமாகி, 4130 என்ற எண்ணைப் பெற்றது. அதற்கு "ராமானுஜன்" என்று பெயர் வைத்தார்கள். போக்ஸன் 1885-இல் கண்ட வேராவுக்குப் பின், இந்திய மண்ணிலிருந்து கண்டு எண்ணும் பெயரும் பெற்ற முதல் சிறு கிரகம் இதுவே. இடையில் நூறு வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டது.

ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்து, கேம்பிரிட்ஜில் உலகம் வியக்கக் கணிதம் செய்து, முப்பத்திரண்டு வயதில் மறைந்தவர் சீனிவாச ராமானுஜன். காகிதம் வாங்கப் பணமில்லாமல் பலகையில் கணக்குப் போட்டு அழித்தவர் என்பார்கள். அவர் பெயரை ஆகாயத்தில் எழுத யாரும் பணம் கட்டவில்லை.

காவலூரில் கண்ட மற்றொரு சிறு கிரகம், பாப்புவுக்குப் பின் அந்த ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்ற பட்டாசார்யாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரிலிருந்து அதைக் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த இரவில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகருக்கு "1958 சந்திரா" என்ற கிரகம். இங்கே 1958 என்பது வருஷமல்ல, வரிசை எண்.

சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் கதை வேடிக்கையானது. 1988-இல் ஜப்பானியர் ஒருவர் கண்ட 4538-ஆவது கிரகம் வெகு காலம் பெயரில்லாமலே கிடந்தது. சிறு கிரகங்களின் கணக்கை வைத்திருக்கும் அமெரிக்க நிலையத்திலிருந்த ருடென்கோ என்பவர் சதுரங்கப் பிரியர். ஆனந்த் வான சாஸ்திரத்தில் ஆசையுள்ளவர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 2015-இல் அந்தக் கிரகம் "விஷிஆனந்த்" ஆயிற்று. மயிலாடுதுறையில் பிறந்த பிள்ளைக்கு, ஜப்பானில் கண்ட பொருளில், அமெரிக்கர் ஒருவர் இடம் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. அமெரிக்காவில் லிங்கன் ஆராய்ச்சிசாலையார் தாங்கள் கண்ட சிறு கிரகங்கள் பலவற்றுக்கு, சர்வதேச விஞ்ஞானப் போட்டிகளில் பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்களை வைத்தார்கள். அவர்களில் இந்திய மாணவர்களும் உண்டு. அந்த மாணவர்களுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயர்கள் சிலருடைய பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு உண்டான சந்தோஷத்தை மறைத்துப் பயனில்லை.

பத்தே எழுத்து

இவ்வளவையும் கேட்ட பிறகு பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ இந்தப் பத்திரம் பொய்யா, ஸார்?" என்றான்.

"பத்திரத்தில் எழுதியிருப்பது பொய், தம்பி. அதை வாங்கி அனுப்பிய உன் அப்பாவின் மனசு பொய்யில்லை. பத்திரத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டத்தில் அம்மாவின் படத்தைப் போட்டு வை" என்றோம்.

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். "கண்டுபிடிச்சவங்க அம்மா பேரை வைக்கலாம்னு சொன்னீங்களே, ஸார்? நிஜமாவே வைக்கலாமா?"

அப்போதுதான் அவன் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது நமக்கு விளங்கியது. வைக்கலாம் என்று சொன்னோம். அதற்கு வழியும் இல்லாமலில்லை. சர்வதேசச் சிறுகோள் தேடல் என்று ஒரு முயற்சி 2006 முதல் நடந்து வருகிறது. ஹவாய்த் தீவிலுள்ள பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அவற்றைப் பார்த்து, நகரும் புள்ளிகளைக் குறித்து அனுப்ப வேண்டும். இந்தியாவில் பல பள்ளிக்கூடங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலான புள்ளிகள் ஏற்கெனவே தெரிந்தவையாகவோ வெறும் கறையாகவோ போய்விடும். ஏதோ ஒன்று புதியதாக நின்றாலும், அது எண் பெறுவதற்கு ஐந்தாறு வருஷமாவது, அதற்கு மேலும், ஆகும். இதையெல்லாம் ஒளிக்காமல் அவனிடம் சொன்னோம். ஒரு தடவை அவனை ஏமாற்றியது போதும்.

"அப்போ எனக்கு இருபத்தஞ்சு வயசாயிடுமே, ஸார்!"

"ஆகட்டும். இங்கே இல்லாவிட்டால் காவலூரில் போய்ப் பார்ப்பாய். போக்ஸனும் ரகுநாதாச்சாரியும் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?"

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திரத்துக்குப் பெயர் விற்பதாக யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பணத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நட்சத்திரப் படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பிரிந்தவர்களின் ஞாபகார்த்தமாக ஏதாவது செய்ய விரும்பினால், ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சிறிய தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நமது பள்ளிக்கூடத்தில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று வேலை செய்கிறது. அடுத்த தேடலில் சேர்வதற்கு மனு எழுதி அனுப்பியிருக்கிறோம். அதை எழுதிக்கொண்டிருந்தபோது பையன் பக்கத்தில் நின்று, "பதினாறு எழுத்துக்குள்ளே இருக்கணும்னு சொன்னீங்களே, ஸார்?" என்று ஞாபகப்படுத்தினான்.

ஒரு காகிதத்தில் அவன் தாயாரின் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, இருவருமாக எண்ணிப் பார்த்தோம். பத்தே எழுத்து. தாராளமாக அடங்கும்.